கரடு நீக்காத ஒலி: பிளாக் மெற்றல் இசையும் வேருக்கு உண்மையாக இருத்தலும்

நோர்வே என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு நினைவில் எழுபவை பல. 1956 ஆம் ஆண்டு குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் அந்த நாட்டைச் சென்றடைந்தார். அவருடைய முயற்சியால் 1967 இல் உருவான சீனோர் நிறுவனம், எமது கடற்றொழிலாளருக்கு வலையும் படகும் தந்தது. வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்த உறவினர்களும், 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையும் அதற்குப் பின் வந்தவை. இதே நாட்டில், 1990களின் முதற்பாதியில், ஒஸ்லோவையும் பேர்கனையும் சுற்றி வாழ்ந்த இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் சிலர் பிளாக் மெற்றல் என்னும், மின்கிற்றாரை மையமாகக் கொண்ட கடின இசை (ஹெவி மெற்றல்) வகைக்கு இன்றுவரை மாறாத ஒரு வடிவத்தைக் கொடுத்தார்கள் என்பது எம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தி.

அந்த வடிவத்தின் மிகக் கடுமையான கிளையை அதன் இரசிகர்கள் ‘றோ பிளாக் மெற்றல்’, அதாவது பதப்படுத்தாத கரடான பிளாக் மெற்றல், என்று அழைக்கிறார்கள். மெலிந்து கீச்சிடும் கிற்றார், இடைவிடாத ஒரே வேகத் தாளம், சொற்கள் எளிதில் பிடிபடாத அலறல், எல்லாவற்றின் மேலும் படர்ந்திருக்கும் இரைச்சல் ஆகியவையே முதன்முறை கேட்பவரின் காதில் விழும். பதிவு பிழைத்துவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் இந்த இசையின் சிறந்த படைப்புகளில் அந்த இரைச்சல், முன்யோசனையுடன் எடுக்கப்பட்டு, எடுத்த பின் திரும்பிப் போக முடியாதபடி தம்மைத் தாமே கட்டிக்கொண்ட சில முடிவுகளின் விளைவாகவே அமைந்திருக்கிறது. வேருக்கு உண்மையாக இருத்தல் என்று இவ்வட்டத்தில் பேசப்படுவதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்த முடிவுகள் எவை, அவை எவ்வாறு ஒலியாக மாறின என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. நியூகாசில் நகரத்து வெனம் குழு 1982 இல் வெளியிட்ட தன் இரண்டாவது இசைத்தட்டுக்கு ‘பிளாக் மெற்றல்’ என்று பெயரிட்டது. ஒலியின் வரைபடத்தைத் தந்தவர்களோ வேறு. சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் குவோர்தோன் என்ற புனைபெயரில் இயங்கிய இளைஞர் நடத்திய பாத்தரி, 1984 இல் வெளியான தன் முதல் இசைத்தட்டை வாகனக் கொட்டகை ஒன்றை மாற்றியமைத்த சிறிய கூடத்தில் மிகக் குறைந்த செலவில் பதிவு செய்தது. அதே காலத்தில் சுவிற்சர்லாந்தில் ஹெல்ஹாமரும், சற்றுப் பிந்தி பிரேசிலில் சர்கோஃபாகோவும் ஏறத்தாழ இதே முரட்டுத்தனத்தோடு ஒலித்தன. இவர்களிடம் கரடுமுரடு இருந்ததற்குக் காரணம் வசதியின்மைதான். நல்ல ஒலிப்பதிவுக்கூடம் கிடைத்திருந்தால் இவர்களில் பலர் அதை மறுத்திருக்க மாட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். நோர்வேயின் இளைஞர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் செய்தது, அந்த வசதியின்மையின் ஒலியை ஓர் அழகியலாகத் தெரிந்தெடுத்ததாகும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் பின்வந்த வரலாறு முழுவதும் குழம்பிவிடும்.

அவர்கள் எதை மறுத்தார்கள் என்பதற்குத் தெளிவான உதாரணம் ஒஸ்லோவுக்குத் தெற்கே கொல்பொத்தன் என்ற ஊரில் உருவான டார்க்த்ரோன் குழு. 1990களின் தொடக்கத்தில் கடின இசை உலகில் டெத் மெற்றல் என்ற இன்னொரு கிளை உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் மொறிசவுண்ட், ஸ்ரொக்ஹோமில் சன்லைற் ஆகிய கூடங்கள் அந்த இசைக்குத் தடித்த, சீரான, நுணுக்கம் மிகுந்த ஒலியைத் தந்தன. டார்க்த்ரோன் 1991 இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இந்த சன்லைற் கூடத்தில்தான் பதிவானது. சிக்கலான தாள மாற்றங்கள் நிறைந்த, தேர்ந்த கைகளின் வேலை அது. அதே ஆண்டு அவர்கள் திசை மாறினார்கள். 1992 இல் இரண்டாவது இசைத்தட்டாக ‘எ பிளேஸ் இன் த நோர்தர்ன் ஸ்கை’ வந்தபோது, வெளியீட்டு நிறுவனமான பீஸ்வில் அதன் ஒலியைக் கண்டு தயங்கியது. குழு இணங்கவில்லை. 1994 இல் வெளியான ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ இந்தப் பயணத்தின் எல்லை: இசைக்கருவிகள் அனைத்தையும் குழுவின் ட்றம்ஸ் கலைஞர் ஃபென்ரிஸ் தனியொருவராக வாசித்து, வீட்டிலேயே நான்கு தடக் கருவியொன்றில் பதிவு செய்தார், குழுவின் பாடகர் நொக்துர்னோ குல்தோ குரல் மட்டும் கொடுத்தார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள், நல்ல கூடத்தில் பதிவு செய்து பார்த்தவர்கள், அதை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்கள். இந்த வரிசையே இங்கு முக்கியமானது.

நான்கு தடக் கருவி என்பது எமது வீடுகளில் இருந்த கசற் பிளேயரின் நெருங்கிய உறவு. சாதாரண கசற்றில் ஒலிநாடாவின் அகலம் ஏறக்குறைய 3.8 மில்லிமீற்றர். பக்கத்துக்கு இரண்டு தடங்களாக அது பிரிக்கப்பட்டிருக்கும். 1979 இல் ரஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போட்டாஸ்ரூடியோவும் அதைப் பின்பற்றி வந்த கருவிகளும் அந்த நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தின. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடமே கிடைப்பதால் நாடாவின் இயல்பான சீறல் ஒலி எப்போதும் பின்னணியில் நிற்கும். ட்றம்ஸ், கிற்றார், பேஸ், குரல் என்று வைத்தால் இடம் தீர்ந்துவிடுகிறது. இன்னொரு கிற்றார் வேண்டுமானால் ஏற்கெனவே பதிந்த இரண்டு தடங்களை ஒன்றாகக் கலந்து மூன்றாவது தடத்துக்கு மாற்றி, பழையவற்றை அழித்தாக வேண்டும். அப்படிக் கலந்த பிறகு ட்றம்ஸ் கொஞ்சம் கூடிவிட்டது என்று தோன்றினாலும் பிரித்தெடுக்க வழியில்லை, சீறலும் இரட்டித்துவிடும். ஆகவே கலைஞர் பதிவைத் தொடங்கும் முன்பே எதற்கு எவ்வளவு இடம் என்று தீர்மானித்தாக வேண்டும். றெக்கோடிங் பாருக்கு வெற்றுக் கசற்றும் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் கொடுத்துப் பதிவித்து, அதைத் தோழர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதி எடுத்த தலைமுறைக்கு இந்தச் சீறல் பழக்கமானது. பிரதியின் பிரதியில் மேல்தொனிகள் மங்கி இரைச்சல் ஏறுவதை அவர்கள் தம் காதால் அறிந்தவர்கள்.

இனி ஒலியின் உட்கட்டமைப்பைப் பார்க்கலாம். இந்த இசையில் கிற்றார்க் கலைஞர் ஒரே தந்தியை, அல்லது ஒரே சுரக்கூட்டை, பிக்கினால் மேலும் கீழுமாக மிக விரைவாக மீட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு மீட்டலும் தனித்துக் கேட்காமல் தொடர்ச்சியான ஒலித்திரையாக மாறிவிட, அந்தத் திரைக்குள் மெட்டு மெதுவாக நகர்கிறது. கை மின்னல் வேகத்தில் ஓடுகையில் மெட்டு நடைபோடும் இந்த முரண்பாட்டில்தான் இசையின் மயக்கும் தன்மை பிறக்கிறது. கிற்றாரின் தாழ்தொனிகள் வேண்டுமென்றே வெட்டப்படுவதற்கும் காரணம் உண்டு. தாழ்ந்த ஒலிகள் தேய்ந்து மறைய நேரமெடுப்பவை. இந்த வேகத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சேறாகிவிடும். மெலிந்த, கூரான ஒலியில் மட்டுமே மெட்டு பிழைத்திருக்கும். இதற்கு மேல் திரிபொலி என்னும் டிஸ்ரோர்ஷன் ஒரு வேலையைச் செய்கிறது: இரண்டு சுரங்கள் ஒன்றாகத் திரிபடையும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசத்துக்கும் ஒத்த புதிய ஒலிகள் அங்கே உருவாகின்றன. யாரும் வாசிக்காத சுரங்கள் கேட்பதாகச் சில இரசிகர்கள் சொல்வது கற்பனை இல்லை. அவை உண்மையாகவே காற்றில் இருக்கின்றன. துப்புரவான பதிவில் அவை அடங்கிப்போகும், கரடான பதிவில் அவை இசையின் பாதியாகிவிடும்.

சுருக்கமும் இவ்வாறே இயங்குகிறது. ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ பாடல்கள் மிகச் சில மெட்டுத் துண்டுகளால் ஆனவை. தாளம் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஏறக்குறைய மாறாது. மாற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாத நிலையில் காது மிகச் சிறியவற்றைக் கவனிக்கத் தொடங்குகிறது: ஒரு சுரம் அரைத்தானம் இறங்குவது அங்கே ஒரு நிகழ்ச்சியாகிறது. அளவெட்டியிலும் இணுவிலிலும் நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமில்லை. ஒத்து ஊதுபவர் கச்சேரி முழுவதும் ஒரே சுருதியைப் பிடித்திருக்கிறார். அந்த அசையாமையே நாயனக்காரரின் ஒவ்வோர் அசைவுக்கும் அளவுகோலாகிறது. றோ பிளாக் மெற்றலில் ஒத்தும் நாயனமும் ஒரே கிற்றாருக்குள் இருக்கின்றன என்று சொன்னால் பொருந்தும். இரண்டு மரபுகளுக்கும் இடையே உறவு எதுவும் கிடையாது. நீண்ட நேரம் மாறாத ஒலியின் முன் மனிதச் செவி நடந்துகொள்ளும் விதம் ஒன்றே என்பதுதான் இங்கு பொது.

தெரிந்தெடுத்த குறைவின் இன்னோர் எல்லையாகப் பர்சும் என்ற தனிநபர் முயற்சியின் ‘ஃபிலோசொபெம்’ குறிப்பிடத்தக்கது. 1993 இல் பதிவாகி 1996 இல் வெளியான இதில், கிடைப்பவற்றுள் மிக மோசமான மைக்கைக் கேட்டு வாங்கித் தலையணிக் கருவியின் மைக்கில் குரலைப் பதிந்ததாகவும், கிற்றாரை அதற்குரிய அம்பிளிபயரைத் தவிர்த்து வீட்டு ஸ்ரீரியோவின் அம்பிளிபயர் வழியாகச் செலுத்தியதாகவும் அதை உருவாக்கிய வார்க் விகர்னெஸ் கூறியிருக்கிறார். வானொலி அலைவரிசைக்கு வெளியிலிருந்து வருவது போன்ற அந்தக் குரல், பாடல்களின் நீளத்தோடும் அசையாமையோடும் சேரும்போது வேறெந்த வழியிலும் கிடைத்திராத தனிமையை உண்டாக்குகிறது.

இந்தப் பெயரை எழுதியபின் அடுத்ததை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. விகர்னெஸ், மேஹெம் குழுவின் கிற்றார்க் கலைஞரும் ஒஸ்லோவில் 1991 இல் ஹெல்வெதெ என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தவருமான அய்ஸ்தைன் ஆர்செத்தை 1993 ஓகஸ்ற்றில் கொலை செய்தார். அக்கொலைக்காகவும் தேவாலயங்களை எரித்ததற்காகவும் 1994 இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பேர்கனுக்கு அருகிலிருந்த ஃபான்தொஃப்ற் மரத்தேவாலயம் 1992 யூன் 6 ஆம் திகதி எரிந்தது முதல் அந்நாட்டில் பல தேவாலயங்கள் தீக்கிரையாகின. ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ உறையிலும் முதலில் ஆரிய இனப்பெருமை பேசும் வாசகம் அச்சாகியிருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது, குழுவும் வருத்தம் தெரிவித்தது. வெளிநாட்டு இரசிகர் சிலர் இவற்றையெல்லாம் இந்த இசையின் வேர் என்றும், இவற்றை மறுப்பவர் உண்மையான பிளாக் மெற்றல்காரர் இல்லை என்றும் எழுதுகிறார்கள். 1981 யூன் 1 இன் விடியலில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த நூலகத்தின் ஊரிலிருந்து, 1995 யூலை 9 இல் தஞ்சமடைந்த மக்களோடு நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம் குண்டுவீச்சுக்கு இலக்கான ஊரிலிருந்து இதைக் கேட்கும் ஒருவர், எரிப்பதைக் கலகம் என்று கொண்டாட முடியாது, கொண்டாடவும் கூடாது. ஒலியின் வேர் கொட்டகையிலும் நாடாவிலும் இருக்கிறது. தீ வைத்தவர்கள் அந்த ஒலியைக் கண்டுபிடித்தவர்களும் இல்லை. அவர்கள் பிறப்பதற்கும் வளர்வதற்கும் இடையில் குவோர்தோன் அதை முடித்துவிட்டிருந்தார்.

வசதியின்மை குறித்தும் யாழ்ப்பாணத்திலிருந்து சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 1990 முதல் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மின்கலமும் தடுக்கப்பட்ட பொருளாக இருந்ததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலியும் கசற்றும் கேட்கப்பட்டன. மிதிப்பவர் களைத்தால் பாட்டின் வேகமும் சுருதியும் தளரும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், உலகின் செல்வந்த நாடொன்றில், ஓர் இளைஞர் மோசமான மைக்கைக் கேட்டு வாங்கினார். இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. திணிக்கப்பட்ட குறைவு ஒருவரிடமிருந்து தெரிவுகளைப் பறிக்கிறது. தெரிந்தெடுத்த குறைவு தெரிவுகளைக் கூர்மையாக்குகிறது. இரண்டும் நாடாவில் ஒரே மாதிரி ஒலிக்கக்கூடும். ஆகவே கரடான ஒலி என்பதற்காகவே ஒரு பதிவு உண்மையானது என்று கொள்வதை, குறைவை விரும்பாமலே அனுபவித்த ஒரு சமூகத்தின் காது எளிதில் ஏற்காது. அந்தக் குறைவைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்று அது கேட்கும். இந்தக் கேள்வி இந்த இசைக்கு மிகவும் வேண்டியது.

ஏனெனில் இன்று கரடும் விலைக்குக் கிடைக்கிறது. கணினியில் எல்லையற்ற தடங்களில், பிழைகளைத் திருத்தி, தாளத்தை ஒழுங்குபடுத்தி, துப்புரவாகப் பதிந்த பாட்டின் மேல் கடைசியில் நாடாச் சீறலையும் திரிபையும் பூசித்தரும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோர் எல்லோரையும் போலிகள் என்று ஒதுக்க நான் தயாரில்லை. ஆனால் அவற்றில் வருவது வேறொரு பொருள். ஃபென்ரிஸ் ட்றம்ஸைப் பதிந்து முடித்தபோது அதன் மேல் என்ன கிற்றார் வரும் என்பது மனதில் மட்டுமே இருந்தது. அந்த மன ஓசையை நம்பி, தனியே, தளராத வேகத்தில் ஐந்தாறு நிமிடம் அவர் அடித்திருக்கிறார். அந்த நம்பிக்கையின் இறுக்கம் பதிவில் கேட்கிறது. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில் வாசித்தவரிடம் அந்த இறுக்கம் இருக்கத் தேவையில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை. பூச்சு எவ்வளவு கரடாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தளர்ச்சியை அது மறைக்காது.

வேருக்கு உண்மையாக இருப்பது பற்றிய இந்த விவாதம் எமக்கும் புதிதில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நாட்டுக்கூத்துகளைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடும் கூத்தின் உயிர் போய்விட்டது என்று ஒரு சாராரும், அவர் செய்திராவிட்டால் கூத்தே எஞ்சியிராது என்று இன்னொரு சாராரும் வாதிட்டனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத வெளியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அண்ணாவியார் பழக்கிய உச்சக் குரல், மைக் வந்தபின் தேவையற்றதாயிற்று. தேவை போனதும் அந்தக் குரலும் மெல்ல மங்கியது. ஒரு கலையின் வடிவத்தைக் காப்பாற்ற நினைப்பவர் அந்த வடிவத்தைப் பிறப்பித்த நெருக்கடியையும் ஏதோ ஒரு வகையில் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நான்கு தடம் என்ற எல்லையைத் தாமாகவே வைத்துக்கொண்டவர்கள் அறிந்தோ அறியாமலோ இதைத்தான் செய்தார்கள்.

நோர்வேயின் ஒலியை அப்படியே திருப்பிச் செய்வதால் இது நிறைவேறாது. சிங்கப்பூரில் 1992 இல் உருவான ருத்ரா குழு வேதாந்தச் சிந்தனையையும் சமஸ்கிருத உச்சாடனத்தையும் கடின இசைக்குள் கொண்டுவந்தது. இலங்கையிலும் ஜெனோசைட் ஷ்ரைன்ஸ், ஃபியூனரல் இன் ஹெவன் போன்ற குழுக்கள் தம் மண்ணின் வரலாற்றையும் சடங்குகளையும் எடுத்தாண்டிருக்கின்றன. பனிக்காடும் நீண்ட இரவும் வெயில் எரிக்கும் வெளியில் வாழ்பவரின் பாட்டுக்குள் வந்தால் அவை கடன் வாங்கிய சட்டையாகவே நிற்கும்.

தமிழில் இவ்விசையை எழுத முனைவோர் யோசிக்க வேண்டியது குரலைப் பற்றி. அலறலில் உயிரெழுத்தின் நிறம் பெருமளவு அழிந்துவிடுகிறது. அ, எ, ஒ மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலக் கேட்கின்றன. சொல்லைத் தாங்கிநிற்பவை மெய்யெழுத்துகளும் கால அளவுமே. க்க, ட்ட, ற்ற என்று இரட்டித்து ஒலிக்கும் வல்லினமும், குறில் நெடில் வேறுபாட்டைக் கால அளவால் காட்டும் இயல்பும் தமிழுக்கு உண்டு என்பதால், நன்றாகத் தெரிந்தெடுத்த சொற்கள் அந்த இரைச்சலுக்குள்ளும் உடையாமல் நிற்கும். மெல்லினமும் இடையினமும் மிகுந்த வரிகள் கரைந்துபோகும். நோர்வேக் குழுக்கள் பல தம் மொழியில் பாடத் தொடங்கியதும் இவ்விசை அவர்களுடையதாக ஆனதற்கு ஒரு காரணம். டார்க்த்ரோனின் அந்த 1994 இசைத்தட்டின் பாடல்களில் பெரும்பாலானவை நோர்வேஜிய மொழியிலேயே உள்ளன.

பதிவுக் கருவியைப் பொறுத்தவரை, இன்று எவரிடமும் இருப்பது கைத்தொலைபேசி. அது பார்வைக்குத்தான் எளிய கருவி. பின்னணி இரைச்சலைத் தானாக அடக்குவதும், உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லியதை உயர்த்திச் சமப்படுத்துவதும் அதற்குள் நடந்துகொண்டே இருக்கின்றன. அலறலை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும், கிற்றாரின் திரையைக் கிழித்துக் கிழித்து விடும். 1993 இல் கரடான ஒலிக்கு எதையும் சேர்க்காமல் இருந்தால் போதுமாயிருந்தது. இப்போது அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடி நிறுத்த வேண்டும், நிறுத்த முடியாத கருவியைக் கைவிட்டுப் பழைய கசற் கருவியையோ திருத்தமில்லாமல் பதியும் செயலியையோ நாட வேண்டும். அதன்பின் தடங்கள் நான்கு என்று வரையறுத்து, ட்றம்ஸை முதலில் ஒரே மூச்சில் பதிந்து, பிழை விழுந்தால் முழுப் பாட்டையும் மீண்டும் அடித்து, கலந்தபின் பழைய தடங்களை உண்மையாகவே அழித்துவிடத் துணிபவர்கள் குருநகரிலோ கோண்டாவிலிலோ இருந்தால், அவர்களுடைய ஒலி டார்க்த்ரோனைப் போலக் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.